தங்கவயல் சயனைடு மேடும் ராணிப்பேட்டை குரோமியக் குவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலார் தங்கச் சுரங்கம், அதாவது தங்கவயல், கர்நாடகத்தில் இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு அங்கே மேடாகக் கிடக்கும் அதன் கழிவைப் பற்றி என்ன கவலை?

குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் "எங்க பெரியப்பா மைன்ஸில் இருந்தார்" என்பார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அதிலும் அன்றைய வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன ஆதிதிராவிடர் குடும்பங்களே அதிகம். ஊரில் கூலியும் சாதியும் சேர்ந்து நெருக்கியபோது, ஜோலார்பேட்டை வழியாக பவுரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காருபேட்டைக்கு, ரயில் ஏறிப் போனவர்கள் அவர்கள். 1894இல் அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குத் தனிக் கிளைப்பாதையே வந்துவிட்டது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1911 வரை சித்தூரும் வடஆற்காட்டோடு இருந்தது. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. கோலார் தங்கப்பாறை இந்தக் கோடுகளுக்குக் கட்டுப்பட்டதில்லை. அது சித்தூர் மாவட்டத்துச் சிகர்குண்டா வழியாகத் தெற்கே நம் எல்லை வரை நீள்கிறது. ஆகவே மேடு அங்கே இருந்தாலும், அதை உருவாக்கிய கைகளில் பாதி நம் ஊர்க் கைகள்.

சயனைடு மேடு எப்படி உருவானது?

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத்தைக் கையில் எடுத்தது. சாம்பியன் ரீஃப் என்ற தங்க இழை கிடைத்த பிறகு வேலை சூடு பிடித்தது. தங்கம் அங்கே கட்டிகட்டியாகக் கிடைக்கவில்லை. கருங்கல்லுக்குள் வெள்ளைக்கல் ஓடும் இழையில் கண்ணுக்குத் தெரியாத துகளாக ஒட்டியிருந்தது. அதை எடுக்க, மேலே கொண்டுவந்த பாறையை இடி இயந்திரங்களில் மாவாக அரைத்தார்கள். முதலில் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் அந்தக் கரைசலை ஓடவிட்டு, ஒட்டிய தங்கத்தைச் சுரண்டினார்கள். அதில் தப்பியதைப் பிடிக்க வழி இல்லாமல் இருந்தது.

1887இல் ஸ்காட்லாந்தில் சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. மிக நீர்த்த சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும். அப்புறம் துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் பிரிந்து வரும். சில ஆண்டுகளிலேயே இந்த முறை கோலாருக்கு வந்துவிட்டது. ஒரு டன் கல்லிலிருந்து எடுப்பது சில கிராம், சில சமயம் சில பத்து கிராம். மீதி முழுக்கச் சாம்பல் நிற மாவு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தைக் கடைசியாக நடத்திய மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்பது கணக்கு. அதற்காக அரைத்துக் கொட்டிய மாவு 13 மேடுகளாக நிற்கிறது, மூன்று கோடி டன்னுக்கு மேல். ஊர் நடுவிலேயே, வீடுகளுக்குப் பக்கத்திலேயே.

அதில் இன்னும் சயனைடு இருக்கிறதா? தொட்டால் செத்துப்போவோமா?

பெயரைப் பார்த்து வரும் பயம் இது. வெயிலும் காற்றும் பட்டால் சாதாரண சயனைடு சீக்கிரமே சிதைந்துவிடும். இரும்போடு சேர்ந்து கெட்டியான சேர்மமாக மாறிய பகுதி மட்டும் நெடுநாள் தங்கும். 2001இல் மூடிய சுரங்கத்தின் மேட்டில் இன்று கை வைத்தால் உயிர் போகாது.

உண்மையான ஆபத்து வேறு இரண்டு. முதலாவது தூசு. இந்த மாவு பெரும்பாலும் சிலிக்கா, மிக நுண்ணியது. கோடையில் காற்று அடித்தால் ஊர் மேல் வெள்ளையாகப் பறக்கிறது. சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களைத் தின்ற சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமும் இதே தூசுதான். நுரையீரலில் படிந்து, பத்து இருபது ஆண்டுகள் கழித்து மூச்சைப் பிடிக்கும். காசநோயும் சுலபமாகத் தொற்றும். கோலார்த் தொழிலாளர்களிடம் இந்த நோய் 1940களிலேயே ஆராயப்பட்டது. மேட்டுத் தூசுக்கு வெளியில் வாழ்கிறவர்கள் படும் அளவு சுரங்கத்துக்குள் பட்டதைவிடக் குறைவுதான். ஆனால் சுரங்கத் தொழிலாளிக்கு ஷிப்ட் முடியும், மேட்டடியில் குடியிருப்பவருக்கு ஷிப்ட் முடிவதில்லை.

இரண்டாவது, பாறையோடு வந்த ஆர்சனிக் போன்ற உலோகங்கள். கந்தகம் கலந்த கனிமங்கள் மழையும் காற்றும் பட்டு அமிலமாகி, இந்த உலோகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இறக்கும். சயனைடு போய்விட்டாலும் இவை போகாது. உலோகத்துக்குச் சிதையும் வழக்கமே கிடையாது.

அந்த மணலில் தங்கம் மிச்சம் இருக்கிறதாமே?

இருக்கிறது, டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. 2024இல் இந்த 13 மேடுகளிலிருந்தும் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது. தங்கம் விற்கும் விலைக்கு இது ஆச்சரியமில்லை. மறுபடி எடுத்தால் மாவு மறுபடி கிளறப்படும், மறுபடி சயனைடில் ஊறும், மறுபடி ஓர் இடத்தில் கொட்டப்படும். கொட்டும் இடம் அடியில் விரிப்பும் மேலே மூடியும் உள்ளதாக இருந்தால் ஊருக்கு லாபம். இல்லையென்றால் பழைய கதைதான். டெண்டரில் தங்கத்தின் பங்கைப் பற்றி எத்தனை பக்கம், மிஞ்சும் மாவைப் பற்றி எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அங்கிருந்து பாலாறு வழியாக நமக்கு விஷம் வருகிறதா?

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்டம் வழியாக, குப்பம் தாண்டி வாணியம்பாடிக்கு வருகிறது. தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்ததே பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரிதான். ஆக ஆற்றுக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் வாணியம்பாடி தொடங்கி ராணிப்பேட்டை வரை கிணற்று நீரில் உப்பும் குரோமியமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அதற்காக எல்லை தாண்டித் தேட வேண்டியதில்லை. நம் கரையில் நாமே வைத்த தோல் தொழிற்சாலைகள் அதற்குப் போதும். குற்றத்தை மேட்டுக்கு அனுப்பிவிட்டால் நம் கரையில் இருப்பவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

ராணிப்பேட்டையில் இருப்பது சுரங்கக் கழிவா?

நேரடியாக இல்லை, ஆனால் கனிமத்திலிருந்து வந்த கழிவுதான். இந்தியாவின் குரோமைட் தாதுவில் கிட்டத்தட்ட முழுவதும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. தோல் பதனிட குரோமிய உப்பு வேண்டும், தோல் தொழில் இருப்பது இங்கே. அந்தத் தேவைக்காக 1970களின் நடுவில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தொடங்கியது. 1990களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள். இருபது ஆண்டு உற்பத்தி. விட்டுப்போன கழிவு பழைய கணக்கில் ஒன்றரை லட்சம் டன், பிந்தைய கணக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இதன் வேதியியலைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தாதுவில் இருக்கும் குரோமியம் மூன்றாம் நிலையில் இருக்கும். அது நீரில் எளிதில் கரையாது, பெரிய நச்சும் இல்லை. தாதுவைச் சோடா உப்பு, சுண்ணாம்பு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுத்தால் அது ஆறாம் நிலைக்கு மாறி நீரில் கரையும். கரைந்ததை வடித்து எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளுவார்கள். எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் ஆறாம் நிலைக் குரோமியம் உள்ளே மாட்டிக்கொள்ளும். டீத்தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் மறுபடி நிறம் இறங்குமே, அது போல ஒவ்வொரு மழையிலும் குவியலிலிருந்து மஞ்சள் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு இருப்பதால் கழிவு கடும் காரத் தன்மையோடு இருக்கிறது. காரத்தில் ஆறாம் நிலைக் குரோமியம் தானாக மாறாது. அதனால்தான் முப்பது ஆண்டு வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை.

ஆறாம் நிலைக் குரோமியத்தைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் உறுதி செய்த விஷயம். தோலில் பட்டால் ஆறாத புண். குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது உலகெங்கும் பதிவானது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சுகிந்தா இடம்பிடித்தது. தாது கிடைத்த ஊர், தாது வறுபட்ட ஊர் என்று வரிசையாகப் போட்டார்கள் போலிருக்கிறது.

எங்கள் ஊர் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே நின்று இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கண்ணுக்கு மஞ்சள் தெரியும் நிலைக்கு வருவதற்கு முன்பே அது அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். ஆகவே தெளிவாக இருக்கிறதே என்றும் நம்ப முடியாது. இரும்பு கலந்தாலும் நீர் மஞ்சளாகும், அதனால் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், சோதனை செய்யுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கொடுக்கும்போது "மொத்தக் குரோமியமும் ஆறாம் நிலைக் குரோமியமும் பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு என்று பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். உலோகம் தனி. ஆர்ஓ இயந்திரம் குரோமியத்தைப் பெருமளவு பிடிக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் நீரில் குரோமியம் அடர்ந்திருக்கும். அதைக் கீரைப் பாத்திக்கு விட்டால் வட்டம் பூர்த்தியாகிவிடும்.

லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனால் என்ன?

எங்கே கொட்டுவது என்பதுதான் பதில் இல்லாத கேள்வி. இரண்டு லட்சம் டன் என்றால் இருபது டன் லாரியில் பத்தாயிரம் நடை. அள்ளும்போது எழும் தூசு தனி ஆபத்து. இரும்பு உப்பு கலந்து ஆறாம் நிலையை மூன்றாம் நிலைக்கு மாற்றலாம் என்பது தெரிந்த முறை, ஆனால் இவ்வளவு காரமான கழிவில் இரும்பு உப்பு கொஞ்ச தூரத்திலேயே வீழ்படிவாகி நின்றுவிடும், கட்டியின் உள்ளே போகாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இதே வகைக் கழிவைக் கொட்டிய குரோமேட் ஆலை 1960களில் மூடப்பட்டது. அங்கே இன்றுவரை வேலை நடக்கிறது. அது பணக்கார நாடு.

உடனே செய்யக்கூடியது மழை உள்ளே போகாமல் மூடுவது, சுற்றி வடிகால் வெட்டுவது, ஏற்கெனவே கெட்ட நிலத்தடி நீர் பரவாமல் இறைத்துச் சுத்திகரிப்பது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அந்தப் பகுதி நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஆராய்ந்திருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை, மூடிக்குத்தான் பஞ்சம்.

கழிவைத் தொட்டியில் தேக்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2015 ஜனவரி 31 அன்று இதே ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

யார் காசு கொடுக்க வேண்டும்?

"மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியதே நம் மாவட்டத்து வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பைக் கணக்கிட ஒரு தனி ஆணையமும் அமைந்தது. சட்டக் கல்லூரியில் எங்கே படித்தாலும் இந்த வழக்கைப் படிக்காமல் வெளியே வர முடியாது. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளில் தீர்ப்பு புகழ் பெற்றது, கிணறு தேறவில்லை.

பழைய கழிவில் சிக்கல் இன்னும் கூடுதல். மாசு செய்த கம்பெனி கதவைச் சாத்திவிட்டால் யாரைப் பிடிப்பது? கோலாரில் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. 1956இல் மைசூர் அரசு எடுத்தது, அப்புறம் மத்திய அரசு. ஒவ்வொரு கை மாறும்போதும் சொத்து மாறியது, மேட்டுக்குப் பொறுப்பு மட்டும் யாரோடும் போகவில்லை. என் அபிப்பிராயத்தில், ஆலைக்கு அனுமதி கொடுக்கும் அன்றே மூடும் செலவை வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் வராது.

விஷ மேட்டைப் போய்ப் பாரம்பரியம் என்கிறார்களே, கேலிக்கூத்து இல்லையா?

எல்லா மேட்டையும் ஒரே தட்டில் வைத்தால் கேலிக்கூத்துதான். ராணிப்பேட்டைக் குவியலைக் காப்பாற்றி வைக்க யாரும் கேட்கவில்லை. அது போக வேண்டியது.

தங்கவயல் கதை வேறு. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். பாறை வெடிப்பை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அதில் செத்தவர்களின் பேரன்கள் இன்னும் லைன் வீடுகள் என்ற தொழிலாளர் குடியிருப்புகளில் இருக்கிறார்கள், காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் முதலில் வந்தது இந்தச் சுரங்கத்துக்கு. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது, அவர் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. கைரேகை எடுக்கக் கூடாது என்று 1930இல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் சுரங்கத்தையே நிறுத்தியது. இதற்கெல்லாம் இன்று கண்ணுக்குத் தெரியும் சாட்சி என்ன? சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது, இயந்திரங்கள் துருப்பிடித்தோ விற்கப்பட்டோ போயின. எல்லோருக்கும் தெரிவது அந்த மேடுதான்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஏராளமான சுரங்கத் தொழிலாளர்கள் கோலாருக்கு மேஸ்திரிகளாகவும் பொறியாளர்களாகவும் வந்தார்கள். அவர்களுடைய ஊரின் கைவிட்ட சுரங்கங்கள் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்கேயும் டேமர் பள்ளத்தாக்கில் ஆர்சனிக் நிறைந்த கழிவு மேடுகள் உண்டு. அங்கே நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஆக, பாரம்பரியமும் எச்சரிக்கைப் பலகையும் ஒரே இடத்தில் நிற்கலாம். மேஸ்திரியின் ஊருக்கு அந்த மரியாதை, கூலியாளின் ஊருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

13 மேட்டையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து, மக்களின் நினைவுகளைப் பதிந்து, ஒன்றையாவது பாதுகாப்பாக மூடிப் புல் வளர்த்து நிற்கவிடலாம்.

தாத்தா மைன்ஸில் வேலை செய்தவர். வீட்டில் பழைய காகிதங்கள் இருக்கின்றன. வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம். சர்வீஸ் புத்தகம், பி.எஃப். சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாமே. எந்த ஷாஃப்டில், அதாவது எந்தச் சுரங்கக் குழியில், எத்தனை ஆண்டு இருந்தார் என்பது அவற்றில் இருக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸும் இருந்தது, ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்டக் காகிதம்தான் பேசும். பலருக்குக் காசநோய் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று தங்கவயல் குடும்பங்களில் சொல்வதுண்டு. எக்ஸ்ரே இருந்தால் இப்போதும் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டலாம்.

எங்கள் நிலத்தில் உழும்போது கனமான, துளை துளையான கரும் கட்டிகள் வருகின்றன. அதுவும் விஷமா?

பெரும்பாலும் இல்லை. அது பழங்கால இரும்பு உருக்கிய கசடாக இருக்கலாம், கிட்டம் என்பார்கள். கண்ணாடி போல் இறுகியது, எளிதில் கரையாது. நாட்டு மருத்துவத்தில் பழைய கிட்டத்தையே மண்டூரம் என்று சுத்தி செய்து பயன்படுத்துகிறார்கள். அதற்காக நீங்கள் வீட்டில் இடித்துப் பார்க்க வேண்டாம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்காலமும் அதன் மேல் பெருங்கற்காலமும் கிடைத்தன. நம் பக்கத்து மண்ணுக்கு அவ்வளவு வயது.

கசடோடு சுட்ட மண்குழாய்த் துண்டு, கருப்பு சிவப்பு ஓடு கிடைத்தால் அது உலை இருந்த இடம். கட்டிகளைப் பொறுக்கிக் குவிக்காதீர்கள், ரோட்டுக்குக் கொட்ட ஜேசிபிக்காரரிடம் கொடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது கலைந்துவிட்டால் அதன் காலத்தைச் சொல்வது கடினம். இடத்தைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். நிலம் போய்விடுமோ என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். வெறும் கசடு கிடைத்ததற்காக யாரும் பட்டாவைப் பிடுங்குவதில்லை. காசு, நகை மாதிரி ஏதாவது சேர்ந்து வந்தால் மட்டும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.